சீரம் செய்யக் கற்றுத்தரும் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பயிற்சியாளர்களுக்கு,

வணக்கம். சோப்பு, நலங்கு மாவு, கூந்தல் எண்ணெய் ஆகியவற்றை வீட்டிலேயே செய்யக் கற்றுத்தரும் ஒருநாள் வகுப்புகளில் அண்மைக் காலமாக ஃபேஸ் சீரமும் நைட் கிரீமும் இடம்பெறுகின்றன. மருந்தாளுநராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வுபெற்ற நான், என் மருமகளுக்குத் துணையாக அப்படியொரு வகுப்பில் சென்ற ஆண்டு உட்கார்ந்திருந்தேன். முற்பகலில் நடந்த சோப்புப் பாடம் மெச்சத்தக்கதாக இருந்தது. காஸ்டிக் சோடாவைத் தராசில் நிறுக்காமல் தொடக் கூடாது, கையுறை இல்லாமல் கலக்கக் கூடாது என்று அத்தனை கண்டிப்புக் காட்டிய அதே ஆசிரியை, பிற்பகலில் சீரத்துக்கு வந்ததும் தோலின் நிறத்தை வெளுப்பாக்கும் கோஜிக் அமிலத் தூளைத் தேக்கரண்டியால் அள்ளிப் போட்டார். இந்த மடலை எழுதவைத்தது அந்தத் தேக்கரண்டிதான்.

சோப்பையும் நலங்கு மாவையும் தேய்த்துச் சில நிமிடங்களில் கழுவிவிடுகிறோம். பயத்தம் மாவும் கஸ்தூரி மஞ்சளும் பெரும்பாலும் தோலின் மேலேயே நின்று, தண்ணீரோடு போய்விடுகின்றன. இரவில் தடவிக் காலைவரை முகத்தில் விட்டுவைக்கும் சீரத்தின் கதை வேறு; அது உள்ளே இறங்க வேண்டும் என்பதற்காகவே செய்யப்படுகிறது. உள்ளே இறங்கும் பொருளுக்கு அடுப்படிக் கைப்பக்குவம் போதாது, மருந்துக்குரிய கணக்கு வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது.

தோலின் மேற்பரப்பில் இறந்த செல்கள் செங்கல் அடுக்கியதுபோலவும் அவற்றுக்கிடையே கொழுப்பு சாந்து பூசியதுபோலவும் அமைந்த ஓர் அடுக்கு இருக்கிறது. தாளைவிடப் பலமடங்கு மெலிதான இந்த அடுக்குதான் உடலின் காவல். மூலக்கூற்று எடை ஏறத்தாழ 500 டால்டனுக்கு (மூலக்கூறுகளின் எடையைச் சொல்லும் அலகு) மேற்பட்ட பொருள்கள் இதைக் கடப்பது அரிது என்பது தோல் மருந்தியலில் நெடுநாளாகப் புழங்கும் ஒரு பொது விதி. நீங்கள் வகுப்பில் பயன்படுத்தும் பொருள்களை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள்: கிளைகாலிக் அமிலம் 76, சாலிசிலிக் அமிலம் 138, கோஜிக் அமிலம் 142, வைட்டமின் சி 176. அளவில் இவை எல்லாமே நுழையக்கூடியவை. போதாக்குறைக்கு, "நன்றாக உறிஞ்சும்" என்று சொல்லிச் சேர்க்கப்படும் புரோப்பிலீன் கிளைக்காலும், ஆலிவ் எண்ணெயில் மிகுந்துள்ள ஒலியிக் அமிலமும், யூகலிப்டஸ் தைலமும் அந்தக் கொழுப்புச் சாந்தைத் தளர்த்துகின்றன. தளர்ந்த சாந்தின் வழியே வைட்டமின் மட்டும் போவதில்லை. வாசனைப் பொருளும் போகும், பெயர் எழுதாத பொட்டலத்தில் வாங்கிய தூளில் கலந்திருக்கும் கழிவும் போகும்.

கோஜிக் அமிலத்துக்கு முகத்திலும் கைகளிலும் 1 விழுக்காடு என்று ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் வரம்பு கட்டியது. 100 கிராம் சீரத்துக்கு அது வெறும் 1 கிராம். குவித்து அள்ளிய ஒரு தேக்கரண்டித் தூள் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். சமையலறைத் தராசும் இதற்கு உதவாது, ஏனெனில் அது ஒரு கிராமுக்குக் கீழே கணக்குச் சொல்லாது. கிளைகாலிக் அமிலத்தில் எடை மட்டும் போதாது, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவும் வேண்டும் (எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்). வீட்டில் பயன்படுத்தும் பொருள்களில் அது 10 விழுக்காட்டுக்கு மிகாமலும், பி.எச். 3.5-க்குக் குறையாமலும், வெயிலிலிருந்து காத்துக்கொள்ளும் அறிவுரையோடும் இருக்க வேண்டும் என்று அமெரிக்க நிபுணர் குழு வரையறுத்தது. வைட்டமின் சி-யின் சிக்கல் நேர்மாறானது: பி.எச். 3.5-க்குக் கீழே இருந்தால்தான் அது சரியாக உள்ளே இறங்கும், மிகவும் குறைந்தால் தோலை எரிக்கும். இந்த நூலிழை வித்தியாசத்தை, சப்பிச் சாப்பிடும் மாத்திரையை அதன் சர்க்கரையோடும் நிறத்தோடும் பொடித்துப் பன்னீரில் கரைப்பவர் எப்படிப் பிடிக்க முடியும்?

"முன்கையில் தடவிப் பாருங்கள், ஒன்றும் ஆகவில்லை என்றால் முகத்துக்குப் போடலாம்" என்பது எல்லா வகுப்புகளிலும் கேட்கும் அறிவுரை. அரிப்பையும் ஒவ்வாமையையும் ஓரளவு கண்டுகொள்ள அது உதவும். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 1967-இல் ஃபெல்ட்மன், மைபாக் என்ற இரு ஆய்வாளர்கள் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை உடலின் பல இடங்களில் தடவி அளந்தபோது, முன்கையின் உட்புறத்தைவிட நெற்றியில் 6 மடங்கும் தாடை ஓரத்தில் 13 மடங்கும் கூடுதலாக உறிஞ்சப்பட்டதைக் கண்டார்கள். எனவே முன்கையின் மௌனம் முகத்துக்குச் சான்றாகாது. தோலில் ஒரு சிவப்புப் புள்ளிகூட எழுப்பாமல் இரத்தத்தில் கலக்கும் பொருளை எந்த முன்கைச் சோதனையும் காட்டாது.

பாதரசம் அப்படிப்பட்டது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் முகத்தை வெளுப்பாக்கும் கிரீம்களைப் பயன்படுத்தியவர்களுக்குச் சிறுநீரில் புரதம் வெளியேறும் நோய் வந்ததைக் கோட்டக்கல்லைச் சேர்ந்த மருத்துவர்கள் 2023-இல் வெளிக்கொணர்ந்தார்கள். அந்த நோயாளிகள் போய் நின்றது தோல் மருத்துவரிடம் அல்ல, சிறுநீரக மருத்துவரிடம். இந்தியாவின் 2020-ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, கண்பகுதிப் பொருள்களைத் தவிர மற்றவற்றில் தற்செயலாகக் கலக்கும் பாதரசம்கூட பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அந்த அளவை ஆய்வகம்தான் சொல்ல முடியும். "வொயிட்டனிங் பவுடர்" என்ற பெயரை மட்டும் தாங்கிவரும் தூளை எந்த நம்பிக்கையில் மாணவியர் கையில் கொடுக்கிறீர்கள்?

மருந்துக் கடையில் வாங்கிய கிரீமை வீட்டுக் கற்றாழை ஜெல்லோடு கலக்கும் வழக்கத்தையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். அத்தகைய கிரீம்களில் இருக்கும் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் சில நாள்களில் முகத்தைப் பளிச்சென்று காட்டும். அதன்பின் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் தெரிந்து, நிறுத்தினால் முகம் எரியத் தொடங்கும். 2018-இல் மத்திய அரசு இத்தகைய மேற்பூச்சு மருந்துகள் பலவற்றை மருத்துவர் சீட்டு வேண்டிய பட்டியலில் சேர்த்தது காரணமில்லாமல் அல்ல. கடைக்காரர்கள் சீட்டுக் கேட்பதில்லை என்பதை அந்தத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

குழந்தைகளுக்கான பொருள்களைப் பற்றி ஒரு சொல். எடைக்கு ஒப்பிட அவர்களுடைய தோல்பரப்பு மிக அதிகம். கற்பூரம் தோல் வழியே சென்று பச்சிளங் குழந்தைகளுக்கு வலிப்பைத் தூண்டக்கூடியது. "பேபி பாம்" பாடத்திலிருந்து கற்பூரத்தை இன்றே எடுத்துவிடுங்கள். கர்ப்பிணிகள் பயன்படுத்தக்கூடும் என்பதால் ரெட்டினால் என்ற வைட்டமின் ஏ வகையையும் விட்டுவிடுங்கள்.

பெண்கள் கைத்தொழில் கற்றுச் சம்பாதிப்பதற்கு நான் எதிரியல்ல. என் மருமகள் இன்றும் சோப்புச் செய்து விற்கிறாள். உங்களிடம் நான் கேட்பது, கழுவிவிடும் பொருள்களையும் தோலில் தங்கும் பொருள்களையும் வெவ்வேறு வகுப்புகளாகப் பிரியுங்கள் என்பதே. அமிலங்களையும் நிறம் மாற்றும் பொருள்களையும் ஒருநாள் பாடத்திலிருந்து நீக்கிவிடுங்கள். தண்ணீர் சேர்ந்த கிரீம் கற்றுத்தருவதானால் 0.01 கிராம் காட்டும் தராசு, பி.எச். மீட்டர், கிருமி வளராமல் காக்கும் உரிய பதப்பொருள் ஆகிய மூன்றும் இல்லாமல் கற்றுத்தராதீர்கள். விற்பனைக்காகத் தயாரிக்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் தேவை என்பதை, வகுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்போது அல்லாமல், கட்டணம் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

தராசையும் பி.எச். மீட்டரையும் கையாளக் கற்றுத்தர உங்களில் யார் அழைத்தாலும், அரை நாள் ஒதுக்கி என் சொந்தச் செலவில் வந்து சொல்லித்தர ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
ஈரோடு