வேலூர் காளான் போட்டோ குரூப்போட செயலாளர் ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். போன வருஷம் நான் அறிக்கை படிக்கும்போது பாதி பேர் போண்டா பக்கமா நகந்துட்டீங்க, அதனால இந்த தடவ சங்கதிய மட்டும் சொல்றேன். கணக்கு வழக்க பொருளாளர் அக்கா தனியா படிப்பாங்க. ட்ரைபாட் வாங்கின பில்ல என்கிட்ட கேட்டுகினே இருக்காங்க, தேடிகினுதான் இருக்கேன். அந்த ட்ரைபாடே ஒரு தண்டம்தான், முழுசா கீழ எறக்கினாலும் முழங்கால் உயரம் நிக்குது, நம்ம காளான் ரெண்டு விரக்கடை. கடைசில ஒரு துணிப்பைல கால் கிலோ அரிசி கட்டி அதுமேல கேமராவ சாய்ச்சுத்தான் வருஷம் பூரா எடுத்தோம்.

நம்ம ஊருக்கு ஐப்பசி கார்த்திகை மழைதான் காளான் மழைன்னு நெனச்சிகினு இருந்தோம், ஆனா நல்ல படமெல்லாம் ஆகஸ்ட் செப்டம்பர்ல சாயங்காலம் இடியோட ஒரு மணி நேரம் கொட்டுமே, அதுக்கு அடுத்த ரெண்டு மூணு நாள்ல கெடச்சதுதான். பாலமதி ரோடு, அமிர்தி பக்கம், ஏலகிரி போனோம். அனுமதி இல்லாம ரிசர்வ் ஃபாரஸ்ட்டுக்குள்ள கால் வைக்கறதில்லன்னு முடிவு பண்ணதால ரோட்டோரம், தோப்பு, ஏரிக்கரைதான். அதுல ஒண்ணும் நஷ்டம் இல்ல.

ஏன்னா இந்த வருஷத்தோட பெஸ்ட் படம் அணைக்கட்டு பக்கம் ஒரு தென்னந்தோப்பு எருக்குழி ஓரத்துல கெடச்சது. மக்கின மட்டை மேல சின்ன சின்னதா கிண்ணம், ஒவ்வொண்ணும் அரை சென்டிமீட்டர் வந்தா அதிகம், வெளிய பழுப்பு முடி, உள்ள வழவழன்னு கோடு கோடா, அடில கடுக அமுக்கி வெச்ச மாதிரி சாம்பல் கலர்ல நாலஞ்சு முட்டை. குருவிக்கூடு காளான். அந்த முட்டைக்குள்ளதான் வித்து இருக்கு, மழைத்துளி ஒண்ணு நேரா கிண்ணத்துல விழுந்தா முட்டை தெறிச்சு ஒரு மீட்டர் தள்ளிகூட போய் ஒட்டிக்கும். தோப்புக்காரர் வந்து "இன்னாபா தரைய மோந்துகினு கீறீங்க"ன்னாரு, லென்ஸ்ல காட்டினதும் அவரும் வேட்டிய மடிச்சு கட்டிகினு பக்கத்துல படுத்துட்டாரு. குடியாத்தம் தம்பி 50 எம்எம் லென்ஸ, சின்னத பெருசா காட்டறதுக்காக, திருப்பி மாட்டி, லென்ஸ் ஓட்டைய எஃப் 8ல வெச்சு, ஃபோகஸ கொஞ்சம் கொஞ்சமா நகத்தி 24 ஷாட் எடுத்து ஒண்ணா சேத்தான். ஓட்டைய இன்னும் சின்னதாக்கி எஃப் 22 வெச்சா ஒரே ஷாட்ல முடிஞ்சிடுமேன்னு கேட்டவங்களுக்கு, முன்ன பின்ன எல்லாம் ஃபோகஸ்ல வரும், ஆனா படம் மொத்தமா மழுங்கிடும். சேத்து பாத்தா ஒரே எறும்பு ஆறு எடத்துல நிக்குது, பாவம் அது அந்தப் பக்கம் போய்கினு இருந்திருக்கு. நான் அத அழிக்க வேணாம்னுதான் சொன்னேன்.

இப்ப அந்த சண்ட விஷயம். ஒரு மெம்பர் ஒரு கிரவுண்டு புல்தரைல தட்டு அகலத்துக்கு வெள்ளைக் காளான மேல இருந்து மட்டும் எடுத்துகினு வந்தாரு. புத்துக்காளான்தான், குழம்புக்கு ஆகும்னு நாலு பேர் அடிச்சு சொன்னாங்க, அதுல நானும் ஒருத்தன், மறைக்கல. சத்துவாச்சாரி அக்கா மட்டும் ஒத்துக்கல. ஒரு காளான கொண்டாரச்சொல்லி குடைய வெட்டி வெள்ளப் பேப்பர் மேல கவுத்து, மேல டம்ளர மூடி ராத்திரி வெச்சுட்டாங்க. காலைல பேப்பர்ல வித்து அச்சு பச்சையா எறங்கி இருக்கு. குளோரோஃபில்லம் மாலிப்டைட்ஸ்ன்ற விஷக்காளான். சாப்பிட்ட சில மணி நேரத்துல வாந்தி பேதின்னு ஆள படுக்க வெச்சிடும். புத்துக்காளானா இருந்தா அச்சு வெளிறின ரோஸ்ல வரும். எளசுல இதோட அடிமடிப்பும் வெள்ளையாத்தான் இருக்கும், அதுதான் ஏமாத்துது.

அப்பறம் ஜவ்வாது மலைல ஒரு பாட்டிகிட்ட போன்ல இருந்த படங்கள காட்டினோம். ஒண்ணு ரெண்டு பாத்துட்டு போன திருப்பி குடுத்துட்டாங்க. "மேல பாத்து இன்னா தெரியும், தோண்டிப் பாத்தியா, வேர் போவுதா?" புத்துக்காளான் தண்டு மண்ணுக்குள்ள கரையான் கூடு வரைக்கும் நீளமா எறங்கும், குடை நடுவுல கூரா இருக்கும். நாங்க எடுத்த படத்துல ஒண்ணுலகூட தண்டோட அடி இல்ல.

அதனால செயற்குழு முடிவு: இனிமே ஒரு காளானுக்கு மூணு படம். மேல, அடிமடிப்பு, தண்டு மண்ணத் தொடுற எடம். அடிமடிப்புக்காக பிடுங்க வேணாம், பவுடர் டப்பா கண்ணாடிய கீழ சாச்சு வெச்சு அதுல ஃபோகஸ் பண்ணா போதும். தண்டுகிட்ட மண்ண விரலால தள்ளிப் பாத்துட்டு திரும்ப மூடிடுங்க. படத்த மட்டும் பாத்து இது சாப்பிடலாமான்னு யாராச்சும் கேட்டா குரூப் சார்பா யாரும் ஆமான்னு சொல்லக்கூடாது, நான் உள்பட.

அடுத்த டிரிப் ஜமுனாமரத்தூர். முதல் இடிமழைக்கு மூணாம் நாள் காலைல 5 மணிக்கு வண்டி, தேதி இப்பவே கேக்காதீங்க. அரிசிப்பை அவங்கவங்க கொண்டு வரணும், போன தடவ என்னோடத யாரோ ஆட்டுக்கு போட்டுட்டீங்க.