டேங்கில் இறங்கும் முன்

காசிமேடு,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

நைனா எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் நலம். டீசல் விலையில் படகு ஓட்டிக் கட்டுப்படியாகவில்லை, அது பழைய பாட்டு.

உன் எண்ணெய்க் கப்பலில் அடுத்த வாரம் டேங்க் கழுவி உள்ளே இறங்கப்போகிறோம் என்று நேற்று நீ சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அம்மா பக்கத்தில் இருந்தாள், போனில் சொல்ல முடியவில்லை. இதை அவளிடம் காட்டாதே.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது, ஒரு தடைக்காலத்தில் கையில் காசில்லாமல், துறைமுகத்தில் நின்ற பழைய எண்ணெய்க் கப்பலின் டேங்கில் அடியில் தங்கிய எண்ணெய்ச் சகதி அள்ளப் போனேன். இரும்பு உரசினால் பொறி வரும் என்று பித்தளைச் சுரண்டியும் பிளாஸ்டிக் பக்கெட்டும் கொடுத்தார்கள். அதையெல்லாம் பார்த்தவர்கள் காற்றை அளக்கவில்லை. முதலில் இறங்கியவன் ஏணியடியிலேயே சுருண்டு விழுந்தான். இன்னொருத்தன் அவனைத் தூக்க ஓடினான். நானும் ஏணியில் கால் வைத்துவிட்டேன். மேஸ்திரி பின்னாலிருந்து இழுத்த இழுப்பில் சட்டை தோள்வரை கிழிந்தது. மூச்சுக் கருவி மாட்டிய ஆட்கள் வந்துதான் இரண்டு பேரையும் கயிற்றில் தூக்கினார்கள். தூக்கப் போனவன் கண் திறக்கவே இல்லை. சட்டை படகு ஆணியில் மாட்டிக்கொண்டது என்று அம்மாவிடம் சொன்னேன். இன்னும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

1969 டிசம்பரில் ஒரே மாதத்தில் மூன்று பெரிய எண்ணெய்க் கப்பல்கள் டேங்க் கழுவும்போது வெடித்த கதை உன் பயிற்சியில் வந்திருக்கும். பீய்ச்சிய தண்ணீர்த் தூவலிலேயே மின்சாரம் ஏறியதாம். அதனால்தான் இனெர்ட் கேஸ், அதாவது தீப்பிடிக்கவிடாத வாயு, அடைத்து ஆக்சிஜனை 8 சதவீதத்துக்கு மேல் போகாமல் வைக்கிறீர்கள். அதில் நெருப்பு பிடிக்காது, மனுஷனும் நிற்க முடியாது. காற்றடித்து அதை வெளியேற்றி, மேலே, நடுவில், அடியில் மூன்று இடத்திலும் ஆக்சிஜன் மீட்டர் 21 சதவீதத்தைத் தொட்டதா பார். மூக்கை நம்பாதே. அழுகின முட்டை நாற்றம் பட்டென்று நின்றால் விஷவாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை, உன் மூக்கு மரத்துப்போயிருக்கும். சகதியைக் கிளறினால் அந்த வாயு திரும்பவும் கிளம்பும். மீட்டர் சட்டையிலேயே இருக்கட்டும்.

கடலில் ஒருத்தன் விழுந்தால் முதலில் குதித்துவிட்டு அப்புறம் யோசிக்கிற ஆட்கள் நாம். உன்னையும் அப்படித்தான் வளர்த்தேன். அதுதான் பயமாக இருக்கிறது. டேங்கில் எவன் விழுந்தாலும், கூடச் சாப்பிட்டவனாகவே இருந்தாலும், அலாரம் அடி, கத்து, ஆளைக் கூப்பிடு. மூச்சுக் கருவி இல்லாமல் இறங்காதே. கோழை என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

நெத்திலிக் கருவாடு காயவைத்திருக்கிறாள். அடுத்த போனில் அம்மா சாப்பிட்டாயா என்று கேட்பாள். நான் மீட்டரில் எத்தனை காட்டியது என்றுதான் கேட்பேன்.

உன் நைனா