கூண்டு ஏற்றியும் புயல் வரலையே!

ஆசிரியர் அவர்களுக்கு,

துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றி, புயல் வராமல் போனால் எங்கள் முதுநகர் டீக்கடையில் வானிலைக்காரர்களுக்கு விழும் அர்ச்சனை கொஞ்சநஞ்சமல்ல. தவறே செய்யாத எச்சரிக்கை எங்கே இருக்கிறது? 1954-இல் டேனர், ஸ்வெட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் ரேடாரில் இரைச்சலுக்கு நடுவே உண்மையான சைகையைப் பிரித்தறியும் கணக்கு ஒன்றை மனிதக் கண்ணுக்கே பொருத்திக் காட்டினார்கள். மங்கலான ஒளியைப் 'பார்த்தேன்' என்பதில் கண்ணின் கூர்மை ஒரு பாதி. எவ்வளவு தெரிந்தால் 'ஆமாம்' என்பது என்று மனம் போடும் கோடு மறுபாதி. கோட்டைத் தாழ்த்தினால் தவறவிடுவது குறையும், வீண் எச்சரிக்கை கூடும். உயர்த்தினால் தலைகீழ். இரண்டும் சேர்ந்து குறைய, கூர்மைதான் கூட வேண்டும்.

பேரனுக்குக் காய்ச்சலென்றால் என் மனைவி மின்விசிறி முனகலைக்கூட இருமலென்று எழுந்து உட்காருவாள். காது அதே காதுதான், கோடு இறங்கிவிட்டது.

2011 டிசம்பர் 30, தானே புயலில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவன் நான். கோடு தாழ்வாகவே இருக்கட்டும். ஆனால் எச்சரிக்கையை நம்பிக் கடலுக்குப் போகாமலிருந்து, புயலும் வராத நாளின் நஷ்டத்தைப் படகுக்காரர் மட்டும் சுமப்பது என்ன நியாயம்? அந்த நாளுக்கும் நிவாரணம் தர வேண்டும்.

— வாசகர் ஒருவர், கடலூர் முதுநகர்