‘ஐரானிக்’ என்ற ஒரு சொல்லுக்காக ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேல்நிலை வகுப்புகளில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

மொழிபெயர்ப்பும் பிரதி திருத்தமும் செய்கிற நாங்கள் ஒரே ஒரு சொல்லுக்காக இதை எழுதுகிறோம். ‘ஐரானிக்’ (ironic). நன்றாக ஆங்கிலம் எழுதுகிறவர்கள்கூட இதில் சறுக்குகிறார்கள். பரீட்சையன்று காய்ச்சல் வந்தால் ஐரானிக் என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரை டெல்லி ரயிலில் பார்த்தாலும் ஐரானிக் என்கிறார்கள். முன்னது துரதிர்ஷ்டம், பின்னது தற்செயல்.

தவறு நம் பேச்சிலிருந்தே தொடங்குகிறது. ‘கொடுமை என்னன்னா’ என்று ஆரம்பிக்கும் வாக்கியத்தை மாணவர் ஆங்கிலமாக்கும்போது அது ‘ஐரானிக்கலி’ ஆகிவிடுகிறது. கொடுமை எந்தத் துன்பத்துக்கும் பொருந்தும்; ஐரானிக் பொருந்தாது. கரும்பலகையில் ‘முரண்’ என்று மட்டும் பொருள் எழுதிப்போட்டால் குழப்பம் கூடும். கறுப்பும் வெளுப்பும்கூட முரண்தான், அதில் முரண்நகை, அதாவது ‘ஐரனி’ (irony), எங்கே இருக்கிறது?

நம் பழமொழிகளையே அளவுகோலாகத் தரலாம். ‘காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது’ தற்செயல். ‘பட்ட காலிலே படும்’ துரதிர்ஷ்டம். ‘வேலியே பயிரை மேய்ந்தது’ என்பதுதான் ஐரானிக். காப்பதற்காக வைத்தது எதுவோ, அதுவே அழிக்கிறது. ஒரு நோக்கமோ நம்பிக்கையோ முதலில் இருக்க வேண்டும்; நடப்பது அதற்கு நேர் எதிராக இருக்க வேண்டும். ஏமாற்றம் மட்டும் போதாது.

1981 மார்ச் 30 அன்று வாஷிங்டனில் அதிபர் ரீகன் சுடப்பட்டார். சுட்டவன் ஆறு முறை சுட்டான். ஒரு குண்டுகூட நேராக அவர்மேல் படவில்லை. அவரைக் காக்கவென்றே கவசமிட்ட காரின் பக்கவாட்டில் பட்டுத் தெறித்த குண்டுதான் இடது அக்குளுக்குக் கீழே பாய்ந்தது. இங்கே ஐரானிக் என்று தயங்காமல் எழுதலாம். குண்டு நேராகப் பட்டிருந்தால் அது கொடுமை மட்டுமே.

இன்னொன்றைப் பிரித்துக் காட்டுங்கள். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் 50ஆம் ஆண்டு நாளான 1826 ஜூலை 4 அன்று, முன்னாள் அதிபர்கள் ஜான் ஆடம்ஸும் தாமஸ் ஜெஃபர்சனும் இறந்தார்கள். இருவரும் ஒரே நாளில் இறந்தது வியப்பான தற்செயல், அவ்வளவுதான். ஆனால் ஆடம்ஸ் இறக்கும் தறுவாயில் ‘ஜெஃபர்சன் இன்னும் இருக்கிறார்’ என்று சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. ஜெஃபர்சன் சில மணி நேரம் முன்பே போய்விட்டிருந்தார். அந்தச் சொற்கள்தாம் ஐரானிக். ஒரே நிகழ்ச்சிக்குள் இரண்டும் அடுத்தடுத்து இருப்பதால், வகுப்பில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஐரனியில், சொல்வது ஒன்றும் பொருள் அதற்கு எதிருமாகச் சொல்லில் வரும் வகைக்கு நம் வஞ்சப்புகழ்ச்சி அணி துணை நிற்கும். ‘தேவர் அனையர் கயவர்’ என்ற குறளைத் தமிழ் வகுப்பில் படித்த பிள்ளைக்கு அது உடனே பிடிபடும். நாடக வகைக்குச் சிலம்பு இருக்கிறது. அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனையே நம்பி, அவன் குடிலருகே கோவலன் காத்திருக்கிறான். நமக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியவில்லை.

பயிற்சி இப்படி இருக்கட்டும். மாணவர் எழுதிய வாக்கியத்தில் ‘ஐரானிக்கலி’யை அடித்துவிட்டு ‘தற்செயலாக’, ‘துரதிர்ஷ்டவசமாக’ என்பவற்றின் ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பொருள் குறையாமல் வாக்கியம் நின்றால், முதலில் எழுதியது பெரும்பாலும் தவறு. ஐயம் தீராவிட்டால் இரண்டு வரி எழுதட்டும்: எதை எதிர்பார்த்தார்கள், எது நடந்தது. இரண்டாவது வரி முதலாவதைத் தலைகீழாக்கவில்லை என்றால் சொல்லை நீக்கிவிடலாம். உச்சரிப்பையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். பெயர்ச்சொல்லான ‘ஐரனி’யில் அழுத்தம் முதல் அசையில் விழும், ‘ஐரானிக்’கில் இரண்டாவது அசைக்கு நகர்ந்துவிடும்.

பேச்சு ஆங்கிலத்தில் இதைத் தளர்வாகவும் வழங்குகிறார்கள், உண்மைதான். ஆனாலும் வேலை விண்ணப்பத்திலோ ஆய்வுக் கட்டுரையிலோ அந்தத் தளர்வு நம் பிள்ளைகளின் அறியாமையாகத்தான் வாசிக்கப்படும். அடுத்த மாதிரித் தேர்வில் அருஞ்சொற்பொருள் கேட்பதற்குப் பதிலாக ஐந்து நிகழ்ச்சிகளைக் கொடுத்து, எது ஐரானிக், ஏன் என்று கேளுங்கள். மதிப்பெண்ணை அந்த ‘ஏன்’ என்பதற்குத் தாருங்கள்.