மகளே, முதலில் உன் இழுப்பைக் கவனி

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் நான்கு நாட்களாக என் சட்டைப் பையில் கிடக்கிறது. ‘திட்டாமல் படியுங்கள் அப்பா’ என்று தொடங்கியிருந்தாய். திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? 31 வருடம் உன் தலைக்கு மேலே ஊதித் தள்ளியவன் நான். நீ தவழ்ந்த அறையில் ஊதினேன். உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போதும் விரலிடுக்கில் அது புகைந்துகொண்டுதான் இருந்தது. ஒரு நாளைக்கு 15 என்று நீ எழுதியிருந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது உண்மை. அது முழுக்க என் மேல் வந்த கோபம். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ கேட்டது வேறு. சிகரெட்டை விட்டு, நிகோடின் கலந்த திரவத்தைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் மின் சிகரெட்டுக்கு மாறப்போகிறாய், முதலில் எதை வாங்குவது என்று கேட்கிறாய்.

வாங்குவதற்கு முன் ஒரு வார்த்தை. தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையும் நிகோடின் சூயிங் கம்மும் இரண்டு முறை கைவிட்டுவிட்டன என்கிறாய். வாரெனிக்லின் மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கேட்டாயா? உலகச் சுகாதார அமைப்பு 2024-இல் புகையிலையை விடுவதற்கென்று வெளியிட்ட வழிகாட்டலில் பட்டை, வாரெனிக்லின், சைட்டிசின் என்ற இன்னொரு மருந்து ஆகியவை இருக்கின்றன. மின் சிகரெட் அந்தப் பட்டியலில் இல்லை. இதை மறைத்துவிட்டு உனக்கு யோசனை சொன்னால் நானும் ஒரு கடைக்காரன் ஆகிவிடுவேன். அதே சமயம் 2019-இல் இங்கிலாந்தில் 886 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வும் இருக்கிறது. பட்டை, சூயிங் கம் போன்றவற்றோடு முயன்றவர்களில் ஒரு வருடம் கழித்துச் சிகரெட் இல்லாமல் இருந்தவர்கள் 9.9 சதவீதம். மின் சிகரெட்டோடு முயன்றவர்களில் 18 சதவீதம். ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் அதிலும் தோற்றார்கள் என்பதையும் சேர்த்துப் படி. கருவி எதுவும் உனக்காகச் சிகரெட்டை விட்டுத் தராது.

என் முதல் கருவியின் கதையை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. வெட்கம்தான். கைக்கு அடங்காத ஒரு பெட்டி, அதில் திரை, வாட் எண்ணிக்கையைக் கூட்டவும் குறைக்கவும் இரண்டு பொத்தான்கள். விற்றவர் ஒரு இழுப்பு இழுத்து ஊதிக் காட்டினார். கடையே மறைந்துபோனது. ‘இதுதான் சார் சக்தி உள்ளது’ என்றார். நானும் நம்பி வாங்கி வந்தேன். சிகரெட் இழுப்பது போல வாயால் இழுத்தேன், ஒன்றுமே வரவில்லை. நெஞ்சுவரை இழுத்தேன், கண்ணில் நீர் வழிய இருமினேன். நாள் முழுக்க மேகம் மேகமாக விட்டும் உடம்பின் தவிப்பு அடங்கவில்லை. ஒன்பதாம் நாள் பழைய பாக்கெட்டுக்கே திரும்பிவிட்டேன். பெட்டி எட்டு மாதம் இழுப்பறையில் தூங்கியது. அந்த எட்டு மாதமும் ‘மின் சிகரெட் எனக்கு ஒத்துவராது’ என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒத்துவராதது கருவியின் ரகம் என்பது பிறகுதான் தெரிந்தது.

நீ சிகரெட் பிடிக்கும்போது என்ன செய்கிறாய் என்று ஒரு முறை கவனித்துப் பார். புகையை முதலில் வாயில் நிறுத்துகிறாய், பிறகுதான் உள்ளே இறக்குகிறாய். கிட்டத்தட்ட எல்லாச் சிகரெட்காரர்களும் இப்படித்தான். மின் சிகரெட்டில் இந்த இழுப்புக்கென்று ஒரு ரகம், மூச்சு விடுவது போல நேராக நுரையீரலுக்கு இழுப்பதற்கென்று இன்னொரு ரகம் இருக்கின்றன. இரண்டையும் பிரிப்பது காயில் என்கிற சூடாகும் கம்பிச்சுருள். அதன் மின்தடை ஒரு ஓமுக்குக் குறையக் குறைய அதிகச் சூடும் அதிக ஆவியும் வரும். அது நேர் இழுப்புக்காரர்களுக்கு. உனக்கு வேண்டியது ஒரு ஓம் அல்லது அதற்கு மேல். காற்று வரும் துவாரமும் சிறியதாக இருக்க வேண்டும். இழுத்தால் சிகரெட்டில் இருப்பது போல லேசாக இறுக்கம் தெரிய வேண்டும். கடையில் ‘ஓம் எவ்வளவு’ என்று மட்டும் கேள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதே.

இந்த இழுப்புக்குப் பொருத்தமாக இப்போது வருவது பாட் என்று சொல்லப்படும் சிறிய கருவி. பொத்தான்கூட இருக்காது, இழுத்தால் தானே சூடாகும். அதிலும் நாமே திரவம் ஊற்றிக்கொள்ளும் வகையாகப் பார்த்து வாங்கு. திரவம் நிரப்பியே விற்கும் பாட்களில் அவர்கள் தரும் சுவையும் அளவும்தான். ஒரு முறை பயன்படுத்தித் தூக்கி எறியும் ரகத்தின் பக்கம் போகவே போகாதே. நிகோடினைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வர அதில் வழி கிடையாது. ஒவ்வொன்றோடும் ஒரு நல்ல லித்தியம் பேட்டரியும் குப்பைக்குப் போகிறது. பிரிட்டனில் 2025 ஜூன் முதல் தேதியிலிருந்து அதன் விற்பனையையே நிறுத்திவிட்டார்கள். நாமே திரவம் ஊற்றும் பாட்டிலேயே இரண்டு வாங்கி வைத்துக்கொள் என்பேன். ஒன்று சார்ஜ் தீர்ந்தோ பழுதாகியோ கிடக்கும் இரவு பதினொரு மணிக்குத்தான் மனம் சிகரெட் பாக்கெட்டைத் தேடும். என் இரண்டாவது தோல்வி அப்படித்தான் நடந்தது.

இனி நிகோடின். பெரும்பாலானவர்கள் வழுக்கி விழுவது இங்கேதான், நானும் விழுந்தேன். ‘விடத்தானே போகிறோம், குறைவாகவே தொடங்குவோம்’ என்று மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம் வாங்கினேன். மேகம் விடும் பெரிய கருவிக்கு அது போதலாம். என் தவிப்புக்கு அது தாகத்துக்குப் பனித்துளி. மைக்கேல் ரஸ்ஸல் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் 1976-இலேயே எழுதிவிட்டார்: மனிதர்கள் நிகோடினுக்காகப் புகைக்கிறார்கள், ஆனால் சாவது தாரினால், அதாவது புகையிலை எரியும்போது வரும் கறுப்புப் பிசினால். அடிமையாக்குவது நிகோடின். அது இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் சற்றுக் கூட்டவும் செய்யும். நல்ல பிள்ளை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நுரையீரலில் கறுப்பாகப் படிவதும் புற்றுநோயைத் தருவதும் புகையிலை எரிவதால் வருபவை. எரியும் சிகரெட்டின் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட இரசாயனங்கள் இருக்கின்றன. அவற்றில் எழுபதளவு புற்றுநோயை உண்டாக்குபவை.

ஆகவே நிகோடினுக்குப் பயந்து தாரிடம் திரும்பிப் போய்விடாதே. காலையில் கண் விழித்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்டைப் பற்றவைக்கிறாய்? அரை மணி நேரத்துக்குள் என்றால் பழக்கம் ஆழம் என்று மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அப்படியானால் 18 அல்லது 20 மில்லிகிராமில் தொடங்கு. இல்லையென்றால் 10, 12 போதும். நிகோடின் உப்பு என்று எழுதிய திரவமாக வாங்கு. அளவு கூடினாலும் தொண்டையை அரிக்காது. புட்டியில் சில இடங்களில் சதவீதமாக எழுதியிருப்பார்கள். 2 சதவீதம் என்றால் 20 மில்லிகிராம், 5 சதவீதம் என்றால் 50. ஐரோப்பிய ஒன்றியத்தில் 20-க்கு மேல் விற்கக்கூடாது. உனக்கும் அதற்கு மேல் வேண்டாம். தலை கிறுகிறுத்தாலோ குமட்டினாலோ அளவு அதிகமாகிவிட்டது என்று பொருள். கீழே வைத்துவிட்டுக் காற்றாட உட்கார்.

திரவத்தில் புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் இருக்கும். முன்னது தொண்டையில் பிடிப்பைத் தரும், பின்னது ஆவியைத் தரும். இரண்டும் பாதிக்குப் பாதி உள்ளதை வாங்கு. கிளிசரின் மிகுந்தது கெட்டியாக இருப்பதால் சிறிய காயில் திணறிப்போகும். சுவையைப் பற்றி என்னிடம் கேட்காதே. புகையிலைச் சுவை என்று அச்சிட்டிருந்த புட்டியை ஆசையோடு வாங்கினேன், நனைந்த அட்டைப்பெட்டியை மென்றது போல இருந்தது. கடைசியில் புதினாவில் நின்றேன். சிறு புட்டிகளாக மூன்று நான்கு வாங்கிப் பார். இரண்டு வாரத்தில் நாக்குக்குப் பழைய ருசி திரும்பும்போது முதலில் பிடித்தது பிடிக்காமல் போகும்.

புதுக் காயிலை மாட்டித் திரவம் ஊற்றியதும் பத்து நிமிடம் சும்மா வை. உள்ளே இருக்கும் பஞ்சு நனைய வேண்டும். நனையாமல் இழுத்தால் பஞ்சு கருகும். அந்த நாற்றத்தை ஒரு முறை சுவைத்தால் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டாய். அந்தக் காயிலைக் காப்பாற்றவும் முடியாது. நன்றாக வைத்துக்கொண்டாலும் ஒன்றிரண்டு வாரத்தில் சுவை கெட்டு மாற்ற வேண்டிவரும். அப்புறம், சிகரெட்டை இழுப்பது போல வெடுக்கென்று இழுக்காதே. மூன்று நான்கு வினாடி, மெதுவாக. சிகரெட்டின் நிகோடின் பத்து இருபது வினாடியில் மூளையைத் தட்டிவிடும். இது பெரும்பாலும் அதைவிட நிதானமாகத்தான் வரும். முதல் வாரம் ‘இது அது இல்லை’ என்று உடம்பு முறையிடும். முறையிடட்டும்.

சார்ஜ் போடுவதைத் தலையணைக்கு அருகே வைத்துக்கொண்டு தூங்காதே. திரவப் புட்டியைக் குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வை. சிறு குழந்தை அதைக் கொஞ்சம் குடித்தாலும் உயிருக்கே ஆபத்து. உன் தோழி குழந்தையோடு வந்து தங்குவாள் என்று எழுதியிருந்தாய், அதனால் சொல்கிறேன். விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. போகும் நாட்டின் சட்டத்தையும் பார்த்துக்கொள். இந்தியாவில் 2019 முதல் விற்பனைக்கும் இறக்குமதிக்கும் தடை. சிங்கப்பூரில் கையில் வைத்திருப்பதே குற்றம். தெரிந்தவர் கலந்து தந்தார், தெருவில் மலிவாகக் கிடைத்தது என்று எதையும் ஊற்றிவிடாதே. 2019-இல் அமெரிக்காவில் நுரையீரல் பாதிக்கப்பட்டு 2,800-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள், 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் காரணம் கஞ்சாச் சத்துள்ள கள்ளச்சந்தைத் திரவமும், அதில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிட்டேட் என்ற எண்ணெய்ப் பொருளும். முறையான கடையில் வாங்கும் நிகோடின் திரவம் அந்தக் கதையில் முக்கியப் பாத்திரம் இல்லை. ஆனாலும் செய்தியைப் படித்த அன்று நான் என் புட்டிகளையெல்லாம் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன்.

நீ காபியில் வாழ்கிறவள் என்பதால் இன்னொன்று. சிகரெட் புகை உடம்பிலிருந்து காஃபினை விரைவாகக் கழிக்க வைக்கும். புகை நின்றதும் அதே இரண்டு குவளை நான்கு குவளை போல வேலை செய்யும். எனக்குக் கை நடுங்கியபோது நிகோடின் போதவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். காபியைப் பாதியாக்கியதும் நின்றது.

இதற்கெல்லாம் மேலாக ஒன்று கேட்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பிடிக்காதே. முதல் சில நாள் தடுமாறுவாய், அது வேறு. ‘வீட்டில் மின் சிகரெட், வெளியே நண்பர்களோடு மட்டும் சிகரெட்’ என்று ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளாதே. நான் ஐந்து மாதம் அப்படி இருந்தேன், பதினைந்தை இரண்டாக்கிவிட்ட பெருமையில். 2018-இல் வந்த ஓர் ஆய்வு அந்தப் பெருமையை உடைத்தது. நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடித்தாலும் இதயத்துக்கு வரும் கூடுதல் ஆபத்து, இருபது பிடிப்பவருக்கு வருவதில் பாதியளவாம். இருபதில் ஒரு பங்காக இருக்கும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஆள்!

இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 2015-இல் மின் சிகரெட் சாதாரணச் சிகரெட்டைவிட 95 சதவீதம் தீங்கு குறைந்தது என்றது. அந்த எண்ணோடு சண்டை போடுபவர்களும் இருக்கிறார்கள். ஹோன் லிக் என்ற சீன மருந்தாளுநர் 2003-இல் இன்றைய வடிவத்தை உருவாக்கியவர். அவரும் புகைத்தவர், தந்தையை நுரையீரல் புற்றுநோய்க்குக் கொடுத்தவர். அதிலிருந்து கணக்கிட்டால் கருவிக்கு வயது இருபதைக் கொஞ்சம் தாண்டுகிறது. நாற்பது வருடம் இதை இழுத்தவரின் நுரையீரலை எந்த மருத்துவரும் இன்னும் பார்த்திருக்க முடியாது. அதனால் இதிலேயே குடியிருக்காதே. நான் முதலில் சொன்ன 886 பேர் ஆய்விலும், மின் சிகரெட்டோடு முயன்று சிகரெட்டை விட்டவர்களில் 80 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்தும் மின் சிகரெட்டை விடவில்லை. நான் 18-லிருந்து 12, பிறகு 6, பிறகு 3 என்று இறங்கி வர இரண்டு வருடம் ஆனது. அவசரப்பட்டு இறங்கிய ஒரு முறை மறுபடி ஏற வேண்டியிருந்தது. உனக்கு ஆறு மாதம் சிகரெட் இல்லாமல் கழியட்டும், அப்புறம் இறங்கலாம்.

முதல் தடவை காயில் மாட்டும்போது வீடியோவில் அழை. மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்திருப்பேன்.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று இரண்டு இடத்தில் அடிக்கோடிட்டிருந்தாய். நான் வாய் திறக்கவில்லை. ஆனால் என் சட்டை இன்று காலை துவைக்கப் போயிருக்கிறது. உன் கடிதம் மேசை மேல், என் கண்ணாடிக்கு அடியில், நான் மடித்ததைவிட ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

அன்புடன்,
அப்பா