கையெழுத்துப் போடும் முன் முரளிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள முரளி,

பதில் போடாமல் இழுத்தடித்ததற்கு நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள். இங்கே எல்லாரும் நலம். நீ அமெரிக்கக் கல்லூரிக்கு ஜெனரல் கவுன்சலாக, அதாவது தலைமை வக்கீலாகப் போகிறாய் என்றதும் சீனு, "அவன் அட்டெண்டன்ஸ் கணக்கு அவர்களுக்குத் தெரியுமா?" என்றான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரியின் பிரெசிடென்ட்தான் உன்னை வேலைக்கு எடுப்பார், உன் சம்பளத்தையும் பேசுவார். ஆனால் உன் கட்சிக்காரர் அவர் இல்லை, கல்லூரி. அமெரிக்க பார் அசோசியேஷன் என்ற வக்கீல்கள் சங்கத்தின் மாதிரி நடத்தை விதி 1.13 இதைத்தான் சொல்கிறது. அவரே சட்டத்தை மீறி, அதனால் கல்லூரிக்குப் பெரிய சேதம் வரும்போலிருந்தால் நீ அவருக்கும் மேலே உள்ள டிரஸ்டிகள் போர்டு வரை போக வேண்டிவரும். அன்றைக்குக் கதவு திறந்திருக்க வேண்டுமானால் இன்றைக்கே எழுதி வாங்கு: போர்டு தலைவரிடம் நேரடியாகப் பேசும் உரிமை, போர்டு ஒப்புதல் இல்லாமல் உன்னை நீக்கக்கூடாது என்ற ஷரத்து. இவை இல்லாத நியமனக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதே. இதில் நான் பிடிவாதக்காரன்.

ஆசிரியர்களை விசாரிக்கும்போதும் இதே சிக்கல்தான். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1981 அப்ஜான் தீர்ப்புக்குப் பிறகு வக்கீல்கள் முதலிலேயே சொல்லிவிடுவார்கள்: "நான் கல்லூரியின் வக்கீல், உங்கள் வக்கீல் இல்லை. இந்தப் பேச்சு ரகசியம். ஆனால் அதை வெளியிடும் உரிமை கல்லூரிக்கு உண்டு." சொன்னதைத் தேதி போட்டுக் குறித்துவை. காபி குடித்துப் பழகிய பேராசிரியரிடம் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். சொல்லாமல் விட்டால், நாளைக்கு அவர் உன்னைத் தன் வக்கீல் என்று நம்பியதாக மனுப் போடுவார். அந்த வழக்கிலிருந்தே நீ விலக நேரலாம்.

டீன்கள் எல்லா மெயிலிலும் உன்னை சிசி போடுவார்கள். அதனால் மட்டும் அது எதிர்த்தரப்புக்குக் காட்ட வேண்டாத வக்கீல்-கட்சிக்காரர் ரகசியம் ஆகிவிடாது. சட்ட ஆலோசனை கேட்டதாகவோ சொன்னதாகவோ இருக்க வேண்டும். முதல் மாதமே அவர்களுக்கு இதைப் புரியவை.

வழக்கு வரும் என்று நியாயமாகத் தோன்றும் நாளிலேயே எதையும் அழிக்கக்கூடாது என்ற ஆவணப் பாதுகாப்பு நோட்டீஸை எல்லாருக்கும் அனுப்பு, சம்மனுக்குக் காத்திருக்காதே. மெயில் தானாக அழிவதை ஐடி துறை நிறுத்த வேண்டும். வழக்கமாகக் கோட்டைவிடும் இடங்கள் இரண்டு: கோச்சின் சொந்த போனில் இருக்கும் மெசேஜ்கள், வேலையை விட்டுப் போனவரின் லேப்டாப். அந்த லேப்டாப்பைத் துடைத்து அடுத்தவரிடம் கொடுத்துவிடுவார்கள். வேண்டுமென்றே அழித்ததாக நீதிமன்றம் கண்டால், அதில் இருந்தது கல்லூரிக்குப் பாதகமானது என்று ஜூரி எடுத்துக்கொள்ளச் சொல்லலாம்.

பிள்ளையின் மார்க் கேட்டு அப்பாமார் போன் செய்வார்கள். மாணவர் பதிவேடுகளின் ரகசியத்தைக் காக்கும் 1974 ஃபெர்பா சட்டப்படி கல்லூரியில் சேர்ந்ததும் அந்த உரிமை மாணவனுடையது, வயது 18 ஆகாவிட்டாலும். வருமான வரிக் கணக்கில் பெற்றோரைச் சார்ந்தவன் என்றால் கல்லூரி சொல்லலாம். சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. மாணவனே தன் பதிவேட்டைப் பார்க்கக் கேட்டால் 45 நாளைக்குள் காட்ட வேண்டும். வளாகக் குற்றங்களை வெளியிடச் சொல்லும் கிளெரி சட்டத்தின் ஆண்டுப் பாதுகாப்பு அறிக்கைக்கு அக்டோபர் 1 கெடு.

தனியார் கல்லூரி என்பதால் மாணவர் கையேட்டை வரிவரியாகப் படி. நீதிமன்றங்கள் அதைப் பெரும்பாலும் ஒப்பந்தம்போலத்தான் பார்க்கும். விசாரணையை இத்தனை நாளில் முடிப்போம் என்று எழுதிவிட்டு யாரும் முடிக்காத வரிகள் கட்டாயம் இருக்கும்.

நியமனக் கடிதத்தின் நகலை இந்த வாரமே அனுப்பு. கூடவே, வெளி வக்கீல்களுக்கு மூன்று வருஷமாக எவ்வளவு கொடுத்தார்கள், எதற்கெல்லாம் கொடுத்தார்கள் என்றும் கேட்டு வாங்கு.

அன்புடன்,
ரகு