ஆள் பிடிக்கும் செலவும் செலவுதான்: செபிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செபி தலைவருக்கும் வாரிய உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மதுரையில் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். ஜிஎஸ்டி தாக்கல், வங்கிக் கடனுக்கு வரவு செலவு அறிக்கை, இவைதான் என் அன்றாடம். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் உங்களுக்கு, நிறுவனங்கள் முதன்முதலாகப் பொதுமக்களிடம் பங்கு விற்கும் வெளியீடு (ஐபிஓ) பற்றி எழுத வைத்தது ஒரு பியூட்டி பார்லர்.

இரண்டே நாற்காலி போட்ட பார்லர். அதை நடத்தும் அக்கா சில வருஷங்களுக்கு முன் ஒரு கூப்பன் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார். 1,000 ரூபாய் ஃபேஷியல் 500 ரூபாய்க்கு. அந்த 500-இல் பாதி நிறுவனத்துக்கு, மீதி 250 அக்காவுக்கு. கிரீம், பஞ்சு, உதவிக்கு இருக்கும் பெண்ணின் கூலி எல்லாம் சேர்த்தால் ஒரு ஃபேஷியலுக்கே 300-க்கு மேல் ஆகும். "பழகிட்டாங்கன்னா அப்புறம் முழு விலைக்கே வருவாங்க" என்று வந்த பையன் சொன்னதை நம்பினார். சனிக்கிழமை காலை ஏழரைக்கே மாடிப்படியில் வரிசை. கூப்பன் எண்களை நாற்பது பக்க நோட்டில் எழுதி, வந்தவர்களுக்கு எதிரே டிக் போட்டு வைத்திருந்தார். மாதக் கடைசியில் நோட்டை என்னிடம் கொடுத்தபோது 112 டிக் இருந்தது. முழு விலை கொடுத்துத் திரும்ப வந்தவர்கள் நாலு பேர். வழக்கமாக வருகிறவர்கள் இடம் கிடைக்காமல் தெருமுனைப் பார்லருக்குப் போனது அந்த நோட்டில் இல்லாத கணக்கு.

கையை விட்டுப் போன பணத்தை விளம்பரச் செலவில் எழுதினேன். அந்த வருஷ லாபம் குறைந்தது. கடன் கேட்டுப் போனபோது மேலாளர் அந்த வரியில்தான் விரலை வைத்தார். அக்கா நடந்ததைச் சொன்னார். அந்தச் செலவை எடுத்துவிட்டு லாபம் காட்டலாம் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஆனால் அதைத்தான் கூப்பன் தொழிலின் முதல் பெரிய நிறுவனம் எழுத்திலேயே செய்தது. சிகாகோவில் 2008-இல் தொடங்கிய குரூப்பான், 2011 ஜூனில் பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பித்தது. 2010-இல் அதன் செயல்பாட்டு நஷ்டம் 42 கோடி டாலர். அதே ஆவணத்தில், தானே உருவாக்கிய ஓர் அளவுகோலின்படி அதே ஆண்டுக்கு 6 கோடி டாலர் லாபம் காட்டியது. எப்படி? புதிய சந்தாதாரர்களை, அதாவது தள்ளுபடி மின்னஞ்சல் பெறப் பதிவு செய்கிறவர்களை, சேர்க்க இணையத்தில் செய்த விளம்பரம் சுமார் 24 கோடி டாலர். அது எதிர்காலத்துக்கான முதலீடு, தினசரி நடப்புச் செலவில்லை என்று கழித்துவிட்டார்கள். நிறுவனங்களை வாங்கிய வகையில் 20 கோடி, ஊழியர் பங்குகளுக்கு 3.6 கோடி, அதையும் கழித்தார்கள்.

அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் கேள்வி எழுப்பியது. ஆகஸ்டில் அந்த அளவுகோல் ஆவணத்திலிருந்து போனது. செப்டம்பரில் இன்னொன்றும் திருத்தப்பட்டது. கடைக்காரருக்குப் போக வேண்டிய பங்கையும் சேர்த்து 2010 வருமானம் 71 கோடி டாலர் என்று சொல்லியிருந்தார்கள். தன் பங்கை மட்டும் கணக்கிட்டதும் அது 31 கோடியானது. அந்த ஆண்டு விளம்பரத்துக்கும் சந்தைப்படுத்தலுக்கும் போனதோ 26 கோடிக்கு மேல். நவம்பரில் 20 டாலருக்கு விற்ற பங்கு, ஓராண்டில் 3 டாலருக்கும் கீழே போனது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொரு எண். 2011 மார்ச்சில் குரூப்பானுக்கு 8.3 கோடி சந்தாதாரர்கள். ஆரம்பத்திலிருந்து அன்றுவரை ஒரு முறையாவது வாங்கியவர்கள் 1.6 கோடிக்கும் குறைவு. ஐந்தில் ஒருவர்கூட இல்லை. உதாரணத்துக்கு, ஒரு சந்தாதாரரைச் சேர்க்க ஐந்து டாலர் செலவு என்று கேட்டால் மலிவாகத் தெரியும். அதையே வாங்கியவர்களை வைத்து மட்டும் வகுத்தால் ஐந்து மடங்குக்கு மேல் ஆகிறது. 'வாடிக்கையாளர்' என்ற ஒரு சொல்லை எப்படி வரையறுக்கிறோம் என்பதில் இவ்வளவு இருக்கிறது.

ஆள் சேர்ந்ததும் செலவு நின்றுவிடும் என்பதும் இந்தத் தொழிலில் லேசில் நடக்கிற காரியமில்லை. மின்னஞ்சல் பட்டியலும் நாலு விற்பனையாளர்களும் இருந்தால் எதிர்க்கடை தயார். 2011 ஜனவரியில் போட்டி நிறுவனமான லிவிங்சோஷியல், 20 டாலர் அமேசான் பரிசு அட்டையை 10 டாலருக்கு விற்றது. 13 லட்சம் அட்டைகள் போயின. நம் நாட்டிலும் வெங்காய விலை ஏறிக் கிடந்த 2013 செப்டம்பரில் குரூப்பான் இந்தியா கிலோ 9 ரூபாய்க்கு வெங்காயம் விற்றது. கூட்டம் தாங்காமல் தளமே முடங்கியது. வெங்காயத்துக்காக வந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த மாதம் வேறு எதையாவது வாங்கினார்கள் என்பதுதான் ஒரு முதலீட்டாளர் கேட்க வேண்டிய கேள்வி. அந்த இந்தியப் பிரிவு 2015-இல் கைமாறி, வேறு பெயரில் நடந்தது.

கூப்பன் காலம் முடிந்துவிட்டது என்று நீங்கள் சொல்லலாம். தள்ளுபடி கொடுத்து ஆள் பிடிக்கும் முறை முடியவில்லை. இன்று செயலி வழியாகச் சாப்பாடும் மளிகையும் அழகுநிலையச் சேவையும் விற்கும் நிறுவனங்கள் சந்தைக்கு வருகின்றன. நஷ்டத்தில் இருக்கும் நிறுவனத்தின் வெளியீட்டில் சில்லறை முதலீட்டாளருக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஒதுக்கக் கூடாது என்று நீங்கள் வைத்திருக்கும் வரம்பு நல்ல காவல். 2022 இறுதியில், தொழில் எப்படி நடக்கிறது என்று காட்டும் முக்கியச் செயல்திறன் அளவீடுகளை நிறுவனத்தின் தணிக்கைக் குழுவின் ஒப்புதலோடு வெளியிட வேண்டும் என்று விதித்ததும் நல்ல காரியம். ஆனால் எந்த அளவீடு என்பதில் நிறுவனத்தின் கை இன்னும் ஓங்கியிருக்கிறது.

கணக்குத் தரநிலையிலும் ஒரு மறைவிடம் இருக்கிறது. வருமானத்தை எப்படிக் கணக்கில் காட்டுவது என்று சொல்லும் இந்திய கணக்குத் தரநிலை 115-இன்படி வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் தள்ளுபடி பெரும்பாலும் வருமானத்திலேயே கழிந்துவிடும். செலவுப் பக்கத்துக்கு வராது. முறையில் தவறில்லை. ஆனால் விளம்பரச் செலவு குறைந்துவிட்டது என்று ஒரு நிறுவனம் சொல்லும்போது, அந்தப் பணம் தள்ளுபடியாக வேறு இடத்தில் போயிருக்கிறதா என்று என்னைப் போன்றவர்களே குறிப்புகளைத் துழாவ வேண்டியிருக்கிறது.

அதனால் கேட்கிறேன். விளம்பரம், தள்ளுபடி, கேஷ்பேக், ஆளைச் சேர்த்தவருக்குக் கொடுக்கும் பரிசு எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாக, பங்கு வெளியீட்டு ஆவணத்தின் முன்பக்கங்களில் போடச் சொல்லுங்கள். பதிவு செய்தவர் வேறு, பணம் கொடுத்து வாங்கியவர் வேறு என்று பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு காலாண்டிலும் சேர்ந்தவர்களைத் தனிக் கூட்டமாக எடுத்து, அவர்களைச் சேர்க்க ஆனது எவ்வளவு, ஒரு வருஷம், இரண்டு வருஷம் கழித்துத் தள்ளுபடி இல்லாமல் வாங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று அட்டவணை கேளுங்கள். இந்தக் கணக்கு இல்லை என்று எந்த நிறுவனமும் சொல்ல முடியாது. 2010-இன் இரண்டாம் காலாண்டில் 37 லட்சம் பேரை 1.8 கோடி டாலரில் சேர்த்தோம், அவர்களிடமிருந்து இவ்வளவு வந்தது என்று குரூப்பானே தன் ஆவணத்தில் பெருமையாகக் காட்டியது. ஒரு காலாண்டுக்குக் காட்ட முடிந்ததை எல்லாக் காலாண்டுக்கும் காட்டலாம்.

போன மாதம் அந்த அக்கா ஒரு செயலி நிறுவனத்தின் ஐபிஓவுக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்டார். சீட்டுப் பணம் கைக்கு வந்திருந்தது. ஆவணத்தை இறக்கி இரண்டு இரவு படித்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "இவங்களுக்கு எத்தனை டிக், அதுல திரும்ப வந்தது எத்தனை பேர்?" நூற்றுக்கணக்கான பக்கங்களில் அந்த எண் எனக்குக் கிடைக்கவில்லை. அதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்க உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
சிறுகடைகளுக்குக் கணக்கு எழுதுபவன்,
மதுரை